காலி எடை

போர்வை பிழிய இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை அம்மா பிடித்திருந்தாள், மறுமுனையை மகள். எதிரெதிரே நின்று முறுக்கியதில் போர்வை கயிறாகி, குளியலறைத் தரையில் தண்ணீர் சளசளவென்று இறங்கியது. வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தார். நல்ல தோள், நல்ல கை, இரண்டு போர்வையைச் சேர்த்துப் பிழியக்கூடிய உடம்பு. அவர் முன்னறையில் உட்கார்ந்து சைக்கிள் பம்பை வைத்து லேப்டாப்புக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, கொஞ்சம் வந்து பிடிங்களேன். அம்மாவுக்கு மணிக்கட்டு வலிக்குதாம்.”

“வேலையா இருக்கேன்மா. உள்ள ஒரே தூசி.”

“அப்படியே பஞ்சர் கிஞ்சர் இருக்கான்னும் பாத்துடுங்க” என்றாள் மகள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கிண்டல் உறைக்க வேண்டுமானால் காதாவது வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

பெற்றவர்கள் வைத்த பெயரை வங்கிக்காரர்கள் மட்டும்தான் அவருக்கு உபயோகித்தார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் கிலோ. கிடங்குகளுக்குப் போகிற சாலையில் இருக்கும் எடைமேடையில் அவர் மேற்பார்வையாளர். சரக்கு ஏற்ற வரும் லாரியை முதலில் காலியாக நிறுத்தி எடை பார்ப்பார்கள். ஏற்றிவிட்டு வந்ததும் மறுபடி எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. காலி எடையை ஏற்றிக் காட்டினால் சரக்கு குறைவாகத் தெரியும், கணக்கில் வராததை அமுக்கிக்கொள்ளலாம் என்பதால் டிரைவர்கள் சீட்டுக்கு அடியில் கல்லை வைப்பார்கள், டிரம்மில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருவார்கள். கிலோவிடம் அது நடக்காது. ஏணி போட்டு ஏறிப் பார்ப்பார். ஒருமுறை தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த கிளீனரைக் காலைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டார். “காலி வண்டின்னா காலியா இருக்கணும்” என்று அன்றைக்கு அவர் சொன்னதை டிரைவர்கள் இன்றும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள். பெயரும் அவர்கள் வைத்ததுதான். அதை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அலுவலகத்தில் இந்தக் குணத்துக்குச் சம்பளம் உண்டு. வீட்டில் அதைச் சும்மா தாங்க வேண்டியிருந்தது. மின்விசிறி வாங்குவதற்கு முன் எது குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்று ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிவதற்குள் கோடை முடிந்துவிட்டது. மகளின் பள்ளிப் பையை எடுக்கப் போன இடத்தில், எந்தப் பை லேசானது என்று கடைக்காரரின் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தார். கடைசியில் எடுத்து வந்த பையின் வார், புத்தகம் வைத்த மூன்றாம் நாளே அறுந்தது. “பை லேசு. புத்தகந்தான் கனம்” என்றார், பழியைப் பாடத்திட்டத்தின் மேல் போட்டு.

கெட்ட மனிதர் இல்லை. குடி இல்லை, கை நீட்டுவதில்லை, சம்பளத்தை முழுதாகக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நல்லவரைத் திட்டினால் திட்டியவளுக்குத்தான் கெட்ட பெயர்.

லேப்டாப் அவருடையது இல்லை. அது அவர் மனைவியின் சோற்றுச் சட்டி. அவளுடைய தம்பி தன் அலுவலகத்தில் கழித்துக் கட்டியதை வாங்கி அக்காவுக்குக் கொடுத்திருந்தான். மூலை தேய்ந்து, ஒரு கீல் லேசாகத் தளர்ந்து, விசைகளில் பாதி எழுத்து அழிந்து போயிருந்தது. எழுத்து அழிந்ததால் அவளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. கல்யாணத்துக்கு முன் தட்டச்சு நிலையத்தில் சொல்லிக்கொடுத்தவள். தெருவில் இன்னும் அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர். இப்போது ஒரு நிறுவனத்துக்காக, கூட்டங்களில் பதிவு செய்த பேச்சைக் காதில் மாட்டிக் கேட்டு, யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று வரி வரியாக அடித்துக் கொடுக்கும் வேலை. சங்கக் கூட்டம், விசாரணைக் கூட்டம், பங்குதாரர் சண்டை எல்லாம் அவள் சாப்பாட்டு மேசைக்கு வரும். முகம் தெரியாத நாற்பது பேரின் இருமலை அவள் ஆள் ஆளாகப் பிரித்துச் சொல்வாள்.

வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண் உட்கார்ந்து வேலை செய்வதாக எண்ணுகிறவர்கள் வீட்டில் இல்லாதவர்கள். பால் பொங்கும், எழுந்திருக்க வேண்டும். தண்ணீர் வரும், எழுந்திருக்க வேண்டும். கூரியர்காரன் மணி அடிப்பான், மேல்வீட்டம்மா கத்தரிக்கோல் கேட்பாள். ஒவ்வொரு முறையும் டீச்சர் லேப்டாப்பின் மூடியைச் சட்டென்று மூடிவிட்டு எழுவாள். திரும்பி வந்து திறந்தால் விட்ட இடத்தில், பாதி வாக்கியத்தில், பங்குதாரர் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருப்பார். மூடுவதும் திறப்பதுமாகத்தான் அவள் பகல் ஓடியது. வாரத்தில் ஒருநாள் முழுதாக அணைத்துப் போட்டால் அதிகம்.

இதையெல்லாம் கிலோ பார்த்ததே இல்லை. வார நாட்களில் அவர் எடைமேடையில். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப் அவர் மடியில்.

ஆரம்பித்தது அவள் வாயால்தான். ஒருநாள் காலையில், “இது இப்பல்லாம் ஆன் ஆக ரொம்ப நேரம் எடுக்குதுங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னது. அவர் அதை மனுவாக எடுத்துக்கொண்டார்.

பழைய லேப்டாப்பில் ஏற்றுவதற்கென்றே லேசான ஓஎஸ்கள், அதாவது மெஷினை இயக்குகிற அடிப்படை நிரல்கள், உலகத்தில் குவிந்து கிடக்கின்றன என்பதை அவர் செல்போனில் கண்டுபிடித்தார். எல்லாம் இலவசம். ஒன்றுக்குப் பறவையின் பெயர், ஒன்றுக்குப் பூச்சியின் பெயர், ஒன்றுக்குத் தும்மல் போல ஒரு பெயர். இவற்றை அலசுவதற்கென்றே செல்போனில் ஒரு குழு இருந்தது. அதில் முந்நூறு ஆண்கள். எல்லோரிடமும் பழைய லேப்டாப், எல்லோருக்கும் தொப்பை. ‘என்னுடையது சும்மா இருக்கும்போது பிடிக்கிற நினைவகம் முந்நூறு எம்பிதான்’ என்று ஒருவர் போட்டால், ‘என்னுடையது இருநூற்றுப்பத்து’ என்று இன்னொருவர் படத்தோடு வருவார். படத்தில் வெறும் திரைதான் இருக்கும். அந்தத் திரையில் என்ன வேலை செய்தீர்கள் என்று அந்தக் குழுவில் யாரும் யாரையும் கேட்டதில்லை. அது அங்கே மரியாதைக் குறைவு போலும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு ஓஎஸ் இறங்கியது, ஒன்று ஏறியது. கடைத்தெருவில் செருப்பு மாட்டிப் பார்க்கிறவர்கள்கூட இரண்டடி நடந்து பார்ப்பார்கள். கிலோ நடந்து பார்ப்பதில்லை. பென்டிரைவைச் செருகுவார், ஏற்றுவார், ஆன் ஆகும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பிடிப்பார், சும்மா இருக்கும்போது எவ்வளவு ரேம் பிடிக்கிறது என்று பார்ப்பார், படம் எடுத்துக் குழுவில் போடுவார், கைதட்டல் வாங்குவார். திங்கட்கிழமை காலை டீச்சர் அதில் உட்கார்ந்து, போன வாரம் வலது மூலையில் இருந்தது இந்த வாரம் எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்று தேடுவாள். அவள் கோப்புகள் மட்டும் பத்திரமாக இருக்கும். அவற்றை வேறு பென்டிரைவில் எடுத்துவைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அந்த மட்டில் அவரைச் சொல்லக்கூடாது.

“இந்தா பாரும்மா, நூத்தி எண்பது எம்பி!” என்று ஒரு ஞாயிறு மாலை கூவினார். பரிசு விழுந்த குரல்.

“எது?” என்றாள் டீச்சர், மடித்த துணியை மோவாயில் இடுக்கியபடி.

“சும்மா இருக்கும்போது இது சாப்பிடறது.”

“சும்மா இருக்கறதுக்கு எதுக்குங்க சாப்பாடு?”

“அது அப்படி இல்லம்மா. சும்மா இருக்கும்போது கம்மியா சாப்பிட்டாத்தானே...”

“நீங்க சும்மா இருக்கும்போதுதான் ஜாஸ்தி சாப்பிடறீங்க” என்றாள் மகள் உள்ளேயிருந்து. “அப்பா, நீங்க காலி லாரியை மட்டும் எடை போட்டு அனுப்பிடறீங்க. லோடு ஏத்தினதும் ஒரு தடவை மேடைக்கு வரச் சொல்லுங்க.”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, போய்ப் படி.”

மகள் சொன்னது அவர் நன்றாகவே யோசித்துப் பார்த்திருக்க வேண்டிய வார்த்தை. யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிறு வேறொரு வேலையில் இறங்கினார். ஓஎஸ் தானாகவே லேசு. அதற்குள்ளும் ஒளிந்திருக்கிற கனத்தைக் கண்டுபிடித்து இறக்க வேண்டும். பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன நிரல்களின் வரிசையை எடுத்து வைத்துக்கொண்டு, லாரியில் ஏறிச் சீட்டைத் தூக்கிப் பார்க்கிற அதே கண்ணால் பார்த்தார். பிரிண்டருக்கு ஒன்று: வீட்டில் பிரிண்டர் இல்லை, தூக்கு. ப்ளூடூத்துக்கு ஒன்று: தூக்கு. ஒவ்வொன்றைத் தூக்கும்போதும் “நீ எதுக்குடா இங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் தூக்கினார். பக்கத்து அறையில் மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் டீச்சருக்கு அந்த அழைப்பு வந்தது. நிறுவனத்தில் நிரந்தரமாக ஒரு இடம் காலியாகிறது. பதிவைக் கேட்டு அடிப்பது போக, கூட்டம் நடக்கும்போதே அறையில் உட்கார்ந்து நேரடியாக அடிக்கிற வேலை. மாதச் சம்பளம், தனி மேசை. மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். “புதன்கிழமை ஒரு கூட்டம் இருக்கு. உங்க மெஷினை எடுத்துக்கிட்டு வந்துடுங்க. அதையே பரீட்சைன்னு வெச்சுக்கங்க” என்றார் மேலாளர். டீச்சர் ஃபோனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சாப்பாட்டு மேசையைத் துடைத்தாள். மேசை சுத்தமாகத்தான் இருந்தது. யாரும் கத்தரிக்கோல் கேட்காத ஒரு மேசை உலகத்தில் இருக்கிறது என்பதை அவள் நினைத்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அன்று மாலை கிலோ செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னாள்.

“புதன்கிழமை வரைக்கும் லேப்டாப்பைத் தொடக்கூடாது.”

“நல்ல சமாச்சாரம்தானே! நான் என்ன சொல்றேன்னா...”

“எதுவும் சொல்லாதீங்க. இப்ப இருக்கறது எனக்குப் பழகிடுச்சு. எது எங்க இருக்குன்னு கை தேடாம போகுது. அப்படியே இருக்கட்டும்.”

“சரிம்மா. தொடலை.”

“அப்பா, அம்மா மேல சத்தியம் பண்ணாதீங்க, குழு மேல பண்ணுங்க” என்றாள் மகள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை தொடவில்லை. அவருடைய அளவில் அது பெரிய விரதம். அன்று டீச்சரும் மகளும் புதுச் செருப்பு வாங்கக் கடைக்குப் போனார்கள். பழையதன் வார் பிய்ந்திருந்தது. பரீட்சைக்குப் பிய்ந்த செருப்போடு போக முடியாது. வீடு காலி. லேப்டாப் மேசைமேல், மூடி சாத்தி, ஏதும் அறியாத குழந்தை மாதிரி கிடந்தது. ஓஎஸ்ஸை மாற்றினால்தானே தப்பு, இருப்பதையே கொஞ்சம் இளைக்கவைத்தால் என்ன என்று கிலோவுக்குத் தோன்றியது. மனைவி பெரிய இடத்துக்குப் போகிறாள். நாலு பேர் முன்னால் பொத்தானை அழுத்தினால் பளிச்சென்று வந்து நிற்க வேண்டாமா? அன்புதான். அதில் சந்தேகமே வேண்டாம். கண்ணில்லாத அன்பு, தெரு ஓரம் சும்மா நிற்கிறவரைக் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடும்.

அந்தப் பின்னணி நிரல்களின் பட்டியலில் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. பேட்டரியையும் மூடியையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. மூடியை மூடினால் மெஷினைத் தூங்கவைப்பது, திறந்தால் எழுப்புவது. நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து, மூடி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள்! அதற்கு இருபத்து நாலு எம்பி!

“வாசல்ல உக்காந்து வம்பளக்கிற பயலா நீ?” என்றார் கிலோ. தூக்கிவிட்டார்.

அவர்கள் திரும்பி வந்தபோது முகத்தில் விளக்கெரிய நின்றார். அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் டீச்சர் நேராக மேசையைப் பார்த்தாள்.

“தொட்டீங்களா?”

“எதையும் மாத்தலம்மா. எல்லாம் அந்தந்த இடத்துலயே இருக்கு. நீயே பாரு. இப்ப ஆன் பண்றேன், எண்ணு.”

எண்ணுவதற்குள் வந்துவிட்டது. டீச்சர் செருப்புப் பெட்டியைக் கையில் வைத்தபடியே குனிந்து பார்த்தாள். பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்து நாலு வரி அடித்தாள். ஹெட்போனை மாட்டி ஒரு பதிவைக் கேட்டாள். எழுத்து சரி, சத்தம் சரி, எல்லாம் பழைய இடத்தில்.

“சொன்னேனா இல்லையா?” என்றார் கிலோ. “நகரு, நானே ஆஃப் பண்றேன். ஆஃப் ஆகறதையும் பாரு, இன்னும் வேகம்.” அதையும் செய்து காட்டினார். வாணவேடிக்கை பார்க்கிற மாதிரி அவர் ஒருத்தர் மட்டும் பார்த்தார்.

மறுநாள் அவருக்குக் காலை ஷிப்ட், முன்னாடியே போய்விட்டார். டீச்சர் லேப்டாப்பைத் திறந்து புதுப் பக்கம் ஒன்றை எடுத்து, தேதி போட்டு, பேசுபவர் பெயருக்கு ஓர் ஓரம், பேச்சுக்கு ஓர் ஓரம் என்று கோடு பிரித்து வைத்தாள். போய் இறங்கியதும் திறக்க வேண்டும், அடிக்க வேண்டும், அவ்வளவுதான். மூடியைச் சட்டென்று மூடினாள். தளர்ந்த கீல் குலுங்கக்கூடாதென்று துண்டில் சுற்றி, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தாள்.

உள்ளே திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. துண்டுக்குள், இருட்டுக்குள், யாருக்கும் இல்லாத வெளிச்சம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் பை சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டு பையை மறுபக்கம் திருப்பி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் சுட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள், “சாப்பாடு கொண்டுபோறீங்களா, சூடா?” என்றாள். டீச்சர் சிரித்துவைத்தாள். ஒரு சின்ன இரைச்சல் பைக்குள்ளிருந்து வந்தபடி இருந்தது. பஸ் போடுகிற சத்தத்தில் அதைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை. நாற்பது பேரின் இருமலைப் பிரிக்கிற காதுதான்.

கூட்ட அறையில் ஒரு குடியிருப்பின் சங்கத்தார் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பிரச்சினை லிஃப்ட். கீழ்வீட்டுக்காரர்கள் நாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்கிறார்கள், மேல்வீட்டுக்காரர்கள் அப்படியானால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி எங்களுடையது என்கிறார்கள். அடிக்க வந்த மற்ற இருவரும் மேசையோரம் தயாராக இருந்தார்கள். ஒருவன் கையில் முகம் பார்க்கலாம் போல மினுங்குகிற லேப்டாப். டீச்சர் துண்டைப் பிரித்து மூடியைத் திறந்தாள். திரை கருப்பு. பொத்தானை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். சார்ஜரைச் செருகியதும் ஒரு சின்ன விளக்கு இரண்டு முறை கண்ணடித்துவிட்டு அணைந்தது. அடிப்பாகத்தைத் தொட்ட விரலை வெடுக்கென்று எடுத்தாள். இஸ்திரிப் பெட்டி.

“என்னாச்சு?” என்றார் மேலாளர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

“தெரியலை மேடம். வீட்டுல நல்லாத்தான் இருந்தது.”

“கூட்டம் நிக்காதுங்க. ஆரம்பிச்சுட்டாங்க.”

ஆரம்பித்துத்தான் விட்டார்கள். மேல்வீட்டுக்காரர் கீழ்வீட்டுக்காரரை ஒருமையில் பேசியாகிவிட்டது. டீச்சர் பொத்தானை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். இந்த அறையை விட்டு இப்படியே வெளியே போனால் மறுபடியும் பால், கூரியர், கத்தரிக்கோல் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மேலாளர் மூலையைக் காட்டினார். சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு மேசை, அதன்மேல் அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டர்.

“அதுல வேணா உக்காருங்க. ஆனா எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காரணும். பரவாயில்லையா?”

அந்தக் கம்ப்யூட்டரைக் கிலோவின் குழு பார்த்திருந்தால் ஒப்பாரி வைத்திருக்கும். பெட்டி மாவு மில் மாதிரி இரைந்தது. திரையில் ஓர் அருவிப் படம், அருவியே தெரியாதபடி மேலே நூறு கோப்பு. ஓரத்தில் கடிகாரம், நாட்காட்டி, யாரோ எப்போதோ ஏற்றிவைத்த வானிலை அறிக்கை, புதுப்பிக்கச் சொல்லிக் கெஞ்சுகிற மூன்று சின்னப் பெட்டிகள். அவ்வளவு மூட்டையையும் சுமந்துகொண்டு அது காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது. டீச்சர் உட்கார்ந்தாள், அடித்தாள், எழுத்து வந்தது.

முதுகைக் காட்டி உட்கார்ந்தது அவளுக்கு வீட்டில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது. முகங்கள் இல்லை, குரல்கள் மட்டும். மேசையோரம் இருந்த மற்ற இருவரும் பேசுகிறவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்து அடிப்பதற்குள் இன்னொருவர் கத்த ஆரம்பித்திருந்தார். டீச்சர் சுவரைப் பார்த்தபடியே யாவரையும் பிடித்துப் போட்டாள். மூக்கடைத்த குரல் கீழ்வீடு, வாக்கியத்துக்கு ஒரு “அதாவது” போடுகிறவர் பொருளாளர், பேசாமல் பெருமூச்சு விடுகிறவர் தலைவர். பாதியில் வானிலை அறிக்கை எழும்பி வந்து திரையை மறைத்தது. மழை இல்லை என்றது. ஒரு தட்டில் விலக்கிவிட்டு அடித்துக்கொண்டே போனாள்.

“நாளைக்குச் சொல்றோம்” என்றார்கள்.

கிலோ அன்று சீக்கிரமே வந்து வாசலிலேயே நின்றார்.

“எப்படி? பறந்துச்சா?”

அவள் பையை மேசைமேல் வைத்தாள். “தொட்டுப் பாருங்க.”

தொட்டார். இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு பிறந்தது.

“நீ மூடினியா?”

“மூடாம எப்படிப் பையில வெக்கறது?”

“இல்லம்மா. ஆஃப் பண்ணிட்டு மூடினியா, சும்மா மூடினியா?”

“சும்மாதான். எப்பவும் மூடற மாதிரி.”

“அதான்! ஆஃப் பண்ணாம மூடலாமா? உள்ள ஓடிக்கிட்டேதானே இருக்கும். சூடேறி, பேட்டரி தீந்து... ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?”

“இத்தனை வருஷமா இப்படித்தான் மூடறேன். மூடினா தூங்கும், தெறந்தா முழிச்சுக்கும்.”

“இத்தனை வருஷமா தப்பா மூடியிருக்க” என்றார் கிலோ.

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. மகள் வெளியே வந்தாள்.

“அப்பா, நேத்து அந்த மூடிக்காரனைத் தூக்கினீங்களா? வம்பளக்கிற பயன்னு குழுவுல படம் போட்டிருந்தீங்களே, அவனையா?”

“நீ எப்படிப் பாத்த?”

“நானும் குழுவுல இருக்கேன். வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரிய வேணாமா?”

கிலோ பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, இந்த மாடலில் பேட்டரியே சரியில்லை என்று ஆரம்பித்து, மச்சான் பார்த்து நல்லதாக வாங்கியிருக்கலாம் என்பதில் கொண்டுபோய் முடித்தார். டீச்சர் புதுச் செருப்பைக் கழற்றி அட்டைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தாள். இனிமேல் அதற்கு வேலை இருக்குமோ இருக்காதோ.

மறுநாள் மத்தியானம் ஃபோன் வந்தது. கிலோ அன்று லீவு போட்டிருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். டீச்சர் நின்றபடியே பேசினாள்.

“ஒண்ணாந்தேதியிலேருந்து வந்துடுங்க. யாரு பேசினாங்கன்னு ஒரு இடத்துலகூட மாறலை. உங்களுக்கு அந்த மூலை மேசையே குடுத்துடறோம். மெஷின்தான் பழசு, மாத்தித் தரட்டுமா?” என்றார் மேலாளர்.

“வேண்டாம் மேடம், அதுவே இருக்கட்டும்” என்றாள் டீச்சர். “யாரும் அதைத் தொடாம மட்டும் பாத்துக்கங்க.”

மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கிலோவுக்கும் சந்தோஷம், நிஜமான சந்தோஷம். எச்சில் கையோடு எழுந்துவிட்டார். “நான் அப்பவே நெனச்சேன்” என்றார். எப்போது என்று யாரும் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அவர் அதைக் குழுவுக்குத் தெரிவித்திருந்தார்: ‘மனைவிக்கு வேலை கிடைத்தது. மெஷின் கடைசி நேரத்தில் சதி செய்தும்.’ எழுபது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் கிலோ ஒரு மாதிரி இருந்தார். லேப்டாப் பிழைத்துக்கொண்டது, ஆறவிட்டு, சார்ஜ் ஏற்றியதும் எழுந்துவிட்டது. தூக்கியவனைத் திரும்பக் கூட்டிவந்து வாசலில் உட்காரவைத்தார். மூடி மூடிப் பார்த்தார், தூங்கியது. திறந்தார், எழுந்தது. பிரிண்டர்காரனைக்கூட மன்னித்து உள்ளே விட்டுவிட்டார் என்று மகள் சொன்னாள். புதிதாக ஒரு ஓஎஸ் வந்திருப்பதாகக் குழுவில் ஒரே ஆரவாரம். தரவிறக்கி வைத்தார், ஏற்றவில்லை. ஏற்றி, எண்ணு என்று சொல்ல அவருக்கு ஒரு ஆள் வேண்டும்போலிருந்தது. அந்த ஆளுக்கு இனி மூலையில் மேசை இருக்கிறது, மாவு மில் இருக்கிறது, அருவி இருக்கிறது.

மாதத்தின் கடைசி நாள், விளக்குவைக்கும் நேரம். டீச்சர் படுக்கையறையில் கட்டில்மேல் பழைய போர்வையை விரித்து அடுத்த நாள் வேலைக்குப் போட்டுப்போகக் காலர் வைத்த சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கிலோ லேப்டாப்பைத் தட்டில் பலகாரம் கொண்டுவருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நிலையருகே நின்றார்.

“இப்ப மூடினா தூங்குது.”

அவள் தண்ணீர் தெளித்தாள். ஆவி எழும்பியது.

“தெறந்தா விட்ட எடத்துலயே நிக்குது. பாக்கறியா?” மூடிக் காட்டினார், திறந்து காட்டினார். அவள் சுடிதாரின் கையைத் திருப்பிப் போட்டு மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் மகள் பாத்திரம் கழுவுகிற சத்தம் சற்று நின்று, மறுபடி தொடர்ந்தது.

கிலோ ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்.

“ஏம்மா... உனக்கு இதுல என்னென்ன இருந்தா வசதியா இருக்கும்? நீ சொல்லு. எது கனமோ, எது லேசோ, நான் ஒண்ணும் பேசலை. நீ சொல்றதை அப்படியே போட்டுடறேன்.”

அவள் காலரை விரித்து, பெட்டியின் முனையை அதன் ஓரமாக மெதுவாக ஓட்டினாள். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். பிறகு பொத்தான்களுக்கு இடையே.

கிலோ பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மூடியைச் சத்தம் வராமல் சாத்தி, லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு அறையை விட்டு வெளியே போனார்.